பலகைக்குப் பின்னால் மூன்று நாள்

அக்டோபர் 7, செவ்வாய்

வலைக்கடைக்காரர் ஜனவரியில் இனாமாகக் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதம் அரிசிப்பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று தட்டித் துடைத்து எடுத்தேன். என் பெண்டாட்டி பிரமாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எட்டாங்கிளாஸ எட்டிப் பாத்துட்டு ஓடி வந்த ஆளு. என்னத்த எழுதப் போறிய?"

"ஒன்னயப் பத்தித்தான் எழுதப் போறேன். பேரன் பேத்திக படிச்சுப் பயப்படட்டும்."

எழுத ஆரம்பித்தாச்சு. பெயர் வண்டிமலை. வயது அறுபத்தேழு. புன்னைமுனைப் படகு உரிமையாளர் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் பியூன். ஓய்வு பெற்ற மறுநாளே தினக்கூலியாக அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போனால்தானே ஓய்வு.

சங்கத்தில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் ரூம் இருக்கிறது. கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று அது இங்கே சொல்லும். காற்று வருகிறது, திரும்பு என்று இங்கேயிருந்து அதற்குச் சொல்லலாம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு இஞ்சினியர் பெண். எப்சிபா. நாசரேத்துப் பக்கம். இருபத்தெட்டு வயசு. வந்து ஐந்து மாதம். வருஷ ஒப்பந்தம், அடுத்த மே மாதம் புதுப்பிக்க வேண்டும். சம்பளத்தில் பாதி தம்பி படிப்புக்குப் போகிறது என்று அவளே சொன்னாள்.

இன்று காலையில் அவள் குடையை ஒளித்து வைத்தேன். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தேறுவாள்.

அக்டோபர் 8, புதன்

எப்சிபாவுக்கு இன்று முகம் சரியில்லை. டீ கொண்டுபோய் வைத்துவிட்டு என்ன தாயி என்று கேட்டேன்.

"நாம பூட்டுக்குப் பயன்படுத்துற சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை அண்ணாச்சி. அதச் செஞ்சவங்களே அறிவிப்பு போட்டிருக்காங்க. ஒடனே அப்டேட் பண்ணணும்."

"ஓட்டைன்னா களவாணி உள்ள வந்துருவானா?"

"வர மாட்டான். அதான் விஷயமே." நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். "ஒவ்வொரு படகுப் பெட்டியும் நம்ம சர்வர்கிட்ட வாறப்ப ஒரு சர்ட்டிபிகேட்டக் காட்டும். அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கும். சர்வர் மொதல்ல அந்தக் கணக்கப் போட்டுப் பாக்கும். கையெழுத்து சரியாங்கிறத பொறவுதான் பாக்கும். எவனாவது வேணும்னே விடையே இல்லாத கணக்கா எழுதிக் கொண்டாந்து நீட்டினா?"

"போட்டுக்கிட்டே இருக்கும்."

"ஆமா. நிக்காது. பின்னால வரிசையில நிக்கிற படகு ஒண்ணையும் ஏறெடுத்துப் பாக்காது. ஒரு பொருள் களவு போகாது அண்ணாச்சி. வேலை மட்டும் நின்னுரும்."

"நம்ம மேல எவனுக்குத் தாயி அவ்வளவு கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. எங்கேயோ உக்காந்துக்கிட்டு ஒலகத்துல உள்ள எல்லாக் கதவையும் தட்டிப் பாப்பான். நம்ம கதவும் அதுல ஒண்ணு."

கேட்க நன்றாக இருந்தது. இதை நாலு பேரிடம் சொல்லிப் பந்தா காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

சங்கக் கூட்டம். முப்பது பேர் வந்தார்கள். அப்டேட் போட இருபது நிமிஷம் மிஷினை நிறுத்த வேண்டும் என்று எப்சிபா சொன்னாள். போன வருஷம் ஒரு பையன் சொல்லாமல் நிறுத்திவிட்டான். வீட்டில் இருக்கிற பெண்கள் போனில் படகுப் புள்ளி மறைந்துபோய், ஐம்பது பேர் மாரடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடி வந்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு நிமிஷம் நிறுத்துவதானாலும் பச்சை ஃபைல் போட்டு, செயலாளர் காஸ்பர் சார் கையெழுத்து வாங்கித்தான் நிறுத்த வேண்டும். சட்டம்.

எதுக்கு நிறுத்தணும் என்று ததேயு கேட்டான். ஃபைபர் படகு வைத்திருக்கிறான், நல்ல வாய்க்காரன். நான் முந்திக்கொண்டேன்.

"ஏய், போலி சர்ட்டிபிகேட்டக் காட்டி ஒம் படக ஓட்டிக்கிட்டுப் போயிருவான்ல!"

எப்சிபா எழுந்து, "அண்ணாச்சி சொல்லுதது தப்பு. அவருக்கு இதெல்லாம் வெளங்காது. நான் சொல்லுதேன்" என்றாள்.

அவ்வளவுதான். முப்பது பேரும் சிரித்தார்கள். "அண்ணாச்சி, டீய மட்டும் ஆத்துங்க" என்றான் ததேயு. மறுபடியும் சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கத்தரிக்காய் அரைக் கிலோ, தீப்பெட்டி, பிரமாச்சிக்கு மூட்டு வலித் தைலம்.

அக்டோபர் 10, வெள்ளி

மூணேகாலுக்கு எப்சிபா பச்சை ஃபைலைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். "அண்ணாச்சி, சார் அஞ்சரைக்கு மதுரைக்குக் கெளம்புறாரு. கல்யாண வீடு. திங்கக்கிழமதான் வருவாரு. அதுக்குள்ள கையெழுத்து வாங்கிருங்க. நாளைக்குக் காலையில போட்டு முடிச்சிருவேன்."

சரி என்றேன்.

ஆபீசில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் ஃபைலை ஒரு தடவை ஒளித்து வைப்பேன். தேட விடுவேன். கிட்டே வந்தால் சூடு, தள்ளிப் போனால் குளிர் என்பேன். காஸ்பர் சாரே நாப்பது வருஷத்துக்கு முன்னால் கிளார்க்காக வந்தபோது... இல்லை, அப்போது நான் சேரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் என்று வைத்துக்கொள்வோம். அவரும் தேடியிருக்கிறார். கண்டுபிடித்ததும் வடை வாங்கிக் கொடுப்பார்கள். யாரும் கோவித்ததில்லை.

கைக்கு வருகிற ஃபைலை எல்லாம் தேதி போட்டு நான் ஏற்றுகிற தபால் நோட்டில் இன்று வேலை அதிகம் இல்லை.

ஐந்து மணிக்கு எப்சிபா வந்து கேட்டாள். சார் மேசையில் வைத்தாச்சு என்றேன். அஞ்சரைக்குச் சார் கிளம்பிப் போனார். எப்சிபா ஜன்னல் வழியாகக் கார் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாக்காமலே போயிட்டாரா அண்ணாச்சி?"

"பெரிய மனுஷங்களுக்கு நெனப்பு எங்கயோ இருக்கும் தாயி."

அக்டோபர் 11, சனி

அரை நாள் ஆபீஸ். எப்சிபா வந்தாள். முன்னறையில் இரண்டு நடை நடந்தாள். வலைக் கண்ணி மாதிரிகளை ஆணியடித்து வைத்திருக்கிற பலகை சுவரில் தொங்குகிறதே, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஒரு மணிக்குப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் சாளை மீன். மத்தியானம் தூக்கம். ஒன்றும் விசேஷம் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்று இருபதுக்குக் கம்ப்யூட்டர் ரூமிலிருந்து சத்தம். மிஷினுக்குள் இருக்கிற காற்றாடி ஊளையிடுகிற மாதிரி சுற்றியது. எப்சிபா கையில் வைத்திருந்த டம்ளரைக் கீழே வைக்காமலே ஓடினாள். டீ தரையெல்லாம். திரையில் நாற்பத்தோரு படகுப் புள்ளியும் அசையாமல் நின்றது.

"வந்துட்டான் அண்ணாச்சி" என்றாள். "அந்தக் கணக்கு."

தானாக நின்ற மிஷினை எழுப்ப ஃபைல் வேண்டாம். அணைத்து மறுபடி போட்டாள். இரண்டு நிமிஷம் நன்றாக ஓடியது. மறுபடியும் ஊளை. நிறுத்தினாள், போட்டாள். மறுபடியும். வாசலில் நின்று ஒருவன் திரும்பத் திரும்ப அதே சீட்டை நீட்டுகிறான். இந்த மிஷினும் சலிக்காமல் வாங்கி வாங்கிப் பார்க்கிறது.

பதினொன்று ஐம்பதுக்கு வானிலை ஆபீசிலிருந்து போன். தென்மேற்கே சுழல் காற்று, கரைக்கு வரச் சொல்லுங்கள் என்று. சொல்ல வழியில்லை. விசைப்படகுகளில் வயர்லெஸ் இருக்கிறது, அதில் கூப்பிட்டுச் சொன்னோம். ஃபைபர் படகு ஏழு போயிருந்தது. அதில் வயர்லெஸ் கிடையாது. பெட்டி மட்டும்தான்.

எப்சிபா என் முன்னால் வந்து நின்றாள்.

"சார் வந்துட்டாரா? ஃபைல்ல கையெழுத்து ஆயிட்டா?"

"இன்னும் வரல தாயி. நாலு மணி ஆவும்."

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். சாருக்குப் போன் போட்டாள். கல்யாண மண்டபத்து மேளச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, எடுக்கவில்லை. மறுபடி மிஷினை நிறுத்தினாள், போட்டாள்.

ஒன்று நாற்பதுக்கு, "வாறது வரட்டும்" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. அனுமதி இல்லாமலே நிறுத்தி அப்டேட்டைப் போட்டாள். இரண்டு மணிக்கு மிஷின் அமைதியாகிவிட்டது. அதே களவாணி அதே சீட்டைக் கொண்டு வந்து நீட்டினான், போடா என்று தள்ளிவிட்டது. காற்றுச் செய்தி போனது.

ஆறு ஃபைபர் படகு வந்து சேர்ந்தது. ததேயு படகு முகத்துவாரத்தில் ஒன்றரை மணிக்கே கவிழ்ந்திருக்கிறது. கூடப் போயிருந்த அவன் மச்சினன் நீந்திக் கரையேறிவிட்டான். ததேயுவைப் பாறையிலிருந்து தூக்கி வந்தார்கள். வலது கை படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

நாலரைக்கு சார் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் நான் தபால் நோட்டை எழுதினேன். வரிசை எண் 212. பச்சை ஃபைல். பெற்ற தேதி 13.

பிரமாச்சி சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ததேயுவுக்கு மூன்று விரல் எடுத்தாச்சு.

அக்டோபர் 16, வியாழன்

சார் ஃபைலை எடுத்துப் புரட்டினார். எப்சிபா போட்ட தேதி 10. என் நோட்டில் தேதி 13. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ள காரியம் கெட்டதுக்கு அப்புறம் பழைய தேதி போட்டு ஃபைல் வச்சிருக்கே. படிச்ச பிள்ள செய்யுத வேலையா இது?"

நான் தண்ணீர்க் கேனை மாற்றப் போனேன். கேன் காலியாகவில்லை. இருந்தாலும் மாற்றினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் நன்றாக வரவில்லை என்று பிரமாச்சி சொன்னாள். எனக்கு ருசி தெரியவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். ரிட்டையர் ஆன அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே அரை மணி நேரம் ஆபீசைச் சிரிக்க வைத்திருப்பேன்.

எப்சிபா மேல் மூன்று குற்றம். ஓட்டை இருப்பது எட்டாம் தேதியே தெரிந்தும் பதின்மூன்று வரை சரி செய்யவில்லை. பிறகு அனுமதி இல்லாமல் மிஷினை நிறுத்தினாள். நிறுத்தாதது ஒரு குற்றம், நிறுத்தினது ஒரு குற்றம். மூன்றாவதாகப் பழைய தேதி.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"இந்த ஃபைல் உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"நோட்டுல உள்ளதுதான் மேடம்."

"வாயால சொல்லுங்க."

"திங்கக்கிழம."

எப்சிபா எதிரே உட்கார்ந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"வெள்ளிக்கிழமயே குடுத்துட்டேன் மேடம்."

"யார்கிட்ட?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்னா சுவர்கிட்டயா குடுத்தீங்க? ஆள் பேரு சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பேரைச் சொல்லவில்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்கள். எழுதி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

எப்சிபாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாச்சு. அவள் பையைக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நல்லா இருங்க அண்ணாச்சி என்றாள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் தேவலை.

அக்டோபர் 27, திங்கள்

ததேயுவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கை நிறையக் கட்டு. அவனே உரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் உரித்து ஊட்டினேன். வாய் மட்டும் குறையவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பொம்பளப்பிள்ள நாலு நாளு தூங்கியிருக்கா. பொறவு தேதிய மாத்தியிருக்கா. இனிமே நான் கயிற எந்தக் கையால பிடிப்பேன்? அவ கையாலயா?"

"ம்" என்றேன்.

"பாக்க எவ்வளவு சாதுவா இருந்தா."

"ம்."

பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு 'ம்'மையும் எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபத்தேழு வருஷத்தில் என்னென்னமோ பேசியிருக்கிறேன். பாதிப் பொய், பாதி அளப்பு. இவ்வளவு சின்னதாக, இவ்வளவு மோசமாக ஒன்றும் பேசினதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பிரமாச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"மூணு வாரமா ஒருத்தரையும் கேலி பண்ணலியே. என்ன செஞ்சிய?"

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஃபைல் கைக்கு வந்தது, வலைப் பலகைக்குப் பின்னால் செருகினது, நோட்டில் ஏற்றாதது, சார் மேசையில் வைத்தாச்சு என்று புளுகினது, திங்கட்கிழமை எடுத்து அன்றைய தேதி போட்டது. எல்லாம்.

"எல்லார்கிட்டயும் செய்யுததுதான்ளா. விளையாட்டு."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"விளையாட்டுன்னா மத்தவங்களுக்குச் சூடு, குளிருன்னு சொல்லுவியளே. அவளுக்குச் சொன்னியளா?"

"இல்ல."

"வேற யாரு ஃபைலயாவது மூணு நாளு வச்சிருக்கியளா?"

"இல்ல."

"அந்தக் கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னியளே, அதுக்கா?"

அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். கல்லைப் பொறுக்கி வாசல் பக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குத்தான். ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் 'நானும் சிரித்தேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்கவில்லை. பல்லைக் காட்டினேன். முப்பத்தோரு வருஷம் அந்த ஆபீசில் நான்தான் சிரிக்க வைக்கிற ஆள். என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவருக்கு வெளங்காது என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் பொறுக்கவில்லை. வந்து கேட்கட்டும், கெஞ்சட்டும், அப்போது கொடுக்கலாம் என்று பலகையைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது முழுக்க எனக்கு விளங்கியிருந்தது. கதவு எப்போது தட்டப்படும் என்று மட்டும் தெரியாது. தட்டப்படாது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

நான்கு தாளைக் கிழித்துப்போட்டு ஐந்தாவது தாளில் விசாரணை மேடத்துக்குக் கடுதாசி எழுதினேன். ஃபைல் பத்தாம் தேதி மூணேகாலுக்கு என் கைக்கு வந்தது. நான் ஒளித்து வைத்தேன். நோட்டில் பொய்த் தேதி போட்டது நான். எப்சிபா போட்ட தேதி சரி. கீழே கையெழுத்து.

காஸ்பர் சாரிடம் கொடுத்தேன். முதல் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, ரொம்ப நாளா ஆளு ஓஞ்சு கெடந்தியளேன்னு பாத்தேன். புது வெளையாட்டா?"

"கடைசி வரைக்கும் படிங்க சார்."

படித்தார். எழுந்து முன்னறைக்கு வந்து வலைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

"என் ஃபைலயும் இங்கதான் வச்சிய, ஒரு காலத்துல."

"ஆமா சார்."

"நான் வடை வாங்கிக் குடுத்தேன்." பலகையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, "நாளையிலேருந்து வர வேண்டாம் அண்ணாச்சி. கடுதாசிய நான் இன்னைக்கே அனுப்பிருதேன்" என்றார்.

நவம்பர் 5, புதன்

நாசரேத்துக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். எப்சிபாவின் அம்மா மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் கடுதாசியின் நகலை நீட்டினேன். எப்சிபா நின்றுகொண்டே படித்தாள். மடித்தாள்.

"சார் போன்ல சொன்னாரு."

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. ஒன் வேலை திரும்பக் கெடைச்சிரும்."

"கெடைக்காது."

"ஏன்? எல்லாம் நான்தான்னு எழுதியிருக்கேனே."

"நானும் மேடத்துக்கு எழுதியாச்சு அண்ணாச்சி. நேத்து." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சனிக்கிழம காலையில நான் அந்த ஃபைலப் பாத்துட்டேன்."

மோர் டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"பலகைக்குப் பின்னால பச்சை நாடா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சுட்டு, நீங்கதான்னு. எடுத்து ஒரு போட்டோ புடிச்சு சாருக்கு அனுப்பியிருந்தா, அவரு போன்லயே சரின்னிருப்பாரு. சனிக்கிழமயே போட்டிருக்கலாம்."

"பின்ன ஏன் தாயி எடுக்கல?"

"அஞ்சு மாசமா குடை, டிபன் பாக்ஸ், செருப்புன்னு தேடிக்கிட்டே இருக்கேன். எடுத்தா நீங்க சிரிப்பீய. ஆபீஸ் பூரா சொல்லுவீய. சரி, இந்தத் தடவ நான் தேட மாட்டேன், அவரே கொண்டாந்து குடுக்கட்டும்னு உள்ள போய் உக்காந்துக்கிட்டேன்." முந்தானை நுனியைச் சுருட்டினாள். "அந்த அறிவிப்ப நான்தான் படிச்சேன். எவ்வளவு ஆபத்துன்னு ஒங்களவிட எனக்குத்தான் தெரியும். ரெண்டு நாளுல என்ன வந்துரப் போவுதுன்னு நெனச்சேன்."

"அதான் வெசாரணையில என் பேரச் சொல்லலியா?"

"எப்படிச் சொல்லுவேன்? பாத்தியான்னு அடுத்த கேள்வி கேட்டா?"

நான் சுவரோரம் சாய்ந்திருந்த அவள் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சனிக்கிழமை பலகை முன்னால் நின்றது ஞாபகம் வந்தது. நான் ஸ்டூலில் இருந்து அவள் முதுகைப் பார்த்தேன். கேட்கட்டும் என்று நான். கொடுக்கட்டும் என்று அவள். நாலடி தூரம்.

"அத எழுதாம இருந்திருக்கலாமே. முழுசும் என் தலையில போயிருக்கும். எனக்கென்ன, வயசானவன்."

"தேதி விஷயத்துல நீங்க என்னையப் பொய்க்காரி ஆக்கினீங்க. அது வலிச்சுது அண்ணாச்சி. இன்னமும் வலிக்கி. அதுக்காக நான் பாக்கவே இல்லைன்னு சொன்னா, அப்ப நெசமாவே பொய்க்காரிதானே?"

மன்னிச்சிரு தாயி என்றேன். அவள் மோர் டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"ததேயு அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாங்களாம். நான் வெள்ளிக்கிழம போறேன். நீங்க வாறதுன்னா வாங்க."

நவம்பர் 7, வெள்ளி

புன்னைமுனை பஸ் ஸ்டாண்டில் எப்சிபா இறங்கினாள். நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள்.

ததேயு வீட்டுக்கு முன்னால் கவிழ்ந்த படகைக் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். பக்கம் பூராவும் பிளந்து கிடந்தது. அவன் அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எப்சிபாவைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"இவள எதுக்கு அண்ணாச்சி இங்க கூட்டியாந்திய?"

"அவ தேதி மாத்தல ததேயு. நான் மாத்தினேன்."

முதலிலிருந்து சொன்னேன். டீயை மட்டும் ஆத்துங்க என்று நீ சொன்னாய், எனக்குப் பொறுக்கவில்லை என்பதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீ அவளை ஏசினபோது நான் ம் கொட்டினேன் என்பதையும் சொன்னேன். நான் முடித்ததும் எப்சிபா சனிக்கிழமை பார்த்ததைச் சொன்னாள். திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் கையெழுத்துக்காகக் காத்திருந்ததையும் சொன்னாள். ஒன்றரைக்கு முன்னால் போட்டிருந்தால் செய்தி உங்களுக்கு வந்திருக்கும் அண்ணே என்றாள்.

ததேயு கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். அந்த வாய்க்காரன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு ஃபைலு" என்றான் கடைசியில். "நீரும் பாத்துக்கிட்டு இருந்தீரு. அவளும் பாத்துக்கிட்டு இருந்தா."

"ஆமா."

"நான் கடல்ல கெடந்தேன்."



நான் எழுந்து கிளம்பப் பார்த்தேன். இடது கையை நீட்டி, உட்காரும் என்று காட்டினான்.

"எம் பொண்டாட்டி மீன் விக்கப் போயிருக்கா. நான் கரையில கெடக்கதுனால இப்ப அவதான் கூடை தூக்குதா. ஒரு மணிக்கு வந்துருவா. இப்பச் சொன்னத அவ முன்னால இன்னொரு மட்டம் சொல்லிட்டுப் போங்க. ரெண்டு பேரும்."

மணி பன்னிரண்டு இருபது. எப்சிபா மணலில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி நானும் உட்கார்ந்தேன். ததேயுவின் மகள் வந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். குடிக்கவில்லை. நிழல் நகர்ந்து வெயில் காலில் பட்டது. எழுந்து மாறி உட்காரவில்லை.

ஒன்று பத்துக்குத் தெரு முனையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ததேயு பெண்டாட்டி வந்தாள். அசதியாக நடந்து வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு, விருந்தாளி என்று நினைத்து, தூரத்தில் இருந்தே சிரித்தாள்.

நான் எழுந்து நின்றேன்.